ஈரம் காயாத கட்டு

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வைமோனா கட்டிய கருவிக் கட்டைப் பிரித்து அறுத்த புண் எதுவும் இதுவரை சீழ் வைத்ததில்லை என்பது அந்தத் தீவு முழுக்கத் தெரிந்த சங்கதி. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் எண்ணி அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை மடித்து நாடா ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. நீராவியில் வெந்து தணிந்து, வெந்ததற்கு அடையாளமாக நாடாவில் கறுப்புக் கோடு விழுந்து, துணி மொடமொடவென்று காய்ந்த பிறகு தானே கையால் தடவிப் பார்த்துத்தான் அலமாரியில் ஏற்றுவாள். இருபத்தாறு வருடமாக அதுதான் நடைமுறை. தலைநகரிலிருந்து வந்த சுகாதார அதிகாரி ஒருவர், டோங்கா முழுவதிலும் இப்படி ஓர் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. மாட்டித்தான் தெரியவேண்டும் என்று இருக்கிற குடும்பம் இல்லை அவர்களுடையது.

தியேட்டர் வாசலில் புது நர்சுகள் அவளிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

"நகம் வளக்கணும்னா வீட்ல வளத்துக்கோ. இங்க கத்தி ஏற்கெனவே இருக்கு" என்பாள்.

ஒருமுறை டாக்டர் ஃபோலாவையே கைகழுவும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். முழங்கை வரைக்கும் நுரை ஏறவில்லையாம். "சிஸ்டர், எங்கம்மாகூட இவ்வளவு திட்டினதில்லை" என்று சொல்லிக்கொண்டே அவர் மறுபடியும் கழுவினார். அவர் வேற்றுத் தீவுக்காரர். அதனால் சிரிக்க முடிந்தது. சொந்தக்காரப் பிள்ளைகள் அவள் எதிரில் சிரிக்கமாட்டார்கள்.

அந்தத் தியேட்டரிலேயே அவளுக்குச் சொந்தம் ஒருத்தி இருந்தாள். தம்பி சிதிவேனியின் மூத்த மகள் லூபே. அப்பாவின் அக்கா என்றால் அங்கே அதற்கு மேலே ஆள் கிடையாது. அத்தை உட்கார்ந்திருக்கும்போது தம்பி பிள்ளைகள் நின்றபடி பேசமாட்டார்கள். அவள் தலையைத் தொடமாட்டார்கள், தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிடமாட்டார்கள், சொன்னதற்கு மறுசொல் சொல்லமாட்டார்கள். லூபே நான்கு வருடமாக அத்தையோடு ஒரே அறையில் வேலை செய்தாள். அந்த நான்கு வருடத்தில் "சரிங்க அத்தே" என்பதைத் தவிர அவள் பேசியதை எண்ணிவிடலாம்.

லூபேயின் தங்கை மெலியானே வேறு மாதிரி. வாய்த் துடுக்குக்காரி. கடைசி மாதத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், அத்தையைப் பார்த்ததும் முறைப்படி தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அத்தே, உள்ள இருக்கிறது உங்களை மாதிரியே இருக்கு. ராத்திரி பகல் தூங்கவிடாம அதிகாரம் பண்ணுது."

"எந்திரி. எந்திரிச்சு நாற்காலில உக்காரு. வயித்துப்பிள்ளைக்காரி தரையில உக்காரக் கூடாது."

"பேரையும் யோசிச்சு வச்சுருங்க. நீங்கதானே வைக்கணும். லேட் பண்ணா நானே எதாச்சும் வச்சுருவேன், சொல்லிட்டேன்."

அவள் கணவன் நியூசிலாந்தில் பழம் பறிக்கப் போயிருந்தான். தாயும் உயிரோடு இல்லை. அதனால் பிரசவத்துக்கு அத்தைதான் எல்லாம் என்று சிதிவேனி வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி வருவது அவர்கள் வழக்கமில்லை.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் இரண்டு தடவை போயிற்று. விடிகாலையில் ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்ததில், பிரசவ அறுவைக்கென்று இருந்த இரண்டு கட்டுகளில் ஒன்று செலவாகிவிட்டது. மற்றது ஆட்டோகிளேவுக்குள் இருந்தது. வெந்து முடிந்து, காயும் நேரத்தில் இரண்டாம் தடவை கரண்ட் போனது. ஜெனரேட்டர் தியேட்டர் விளக்குக்கும் ரத்தம் உறிஞ்சுகிற சக்ஷனுக்கும்தான் போதும், ஆட்டோகிளேவுக்குப் போதாது. வைமோனா கதவைத் திறந்து கட்டை எடுத்தாள். மேல்பக்கம் காய்ந்திருந்தது. நாடாவில் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்திருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

ஈரக் கட்டு, கட்டே இல்லை. அதைப் புது நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். காய்ந்த துணி கிருமியை வெளியே நிறுத்தும், நனைந்த துணி அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிரித்து, துணி மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து அவிக்கவேண்டும். அதற்குத்தான் ஓரமாக எடுத்து வைத்தாள். ஒரு மணிநேரமாவது ஆகும். அதற்குள் கரண்ட் வந்துவிடும் என்று நினைத்தாள்.

பத்தரை மணிக்கு மெலியானேயைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"கால் மணி நேரம்கூட இல்லை சிஸ்டர். உடனே எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஃபோலாவ் கைகழுவப் போய்விட்டார்.

அலமாரியில் இன்னொரு கட்டு இருந்தது. குடல்வால், குடலிறக்கம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருந்த கட்டு. நன்றாகக் காய்ந்தது. அதில் இரண்டு இடுக்கி குறையும், வயிற்றை அகட்டிப் பிடிக்கும் அகலமான விரிப்பானும் இருக்காது. ஆனால் பிள்ளையை எடுத்துவிடலாம். எடுத்தும் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் டாக்டர், "ஏன், பிரசவக் கட்டு என்னாச்சு?" என்று கேட்பார். மயக்க மருந்து கொடுப்பவன் திரும்பிப் பார்ப்பான். வைமோனாவின் கட்டு ஈரமாம் என்று மத்தியானத்துக்குள் சந்தை வரைக்கும் போய்விடும்.

அவள் ஓரத்தில் வைத்திருந்த கட்டைத் தள்ளுமேசையில் வைத்தாள்.

கை கழுவி, அங்கி மாட்டி, கையுறை போட்டுக் கைகளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திக்கொண்டு நின்றபோது, மேலுறையைப் பிரிக்கவேண்டிய முறை லூபேயுடையது. லூபே நாடாவைக் கிழித்தாள். முதல் மடிப்பை விரித்தாள். இரண்டாம் மடிப்புக்குக் கட்டைச் சற்றே தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைத் துணியில் அந்த இடம் கரும்பச்சையாகத் தெரிந்தது. அவள் மெதுவாகக் கண்ணை உயர்த்தி அத்தையைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"அத்தே, இது அடியில..."

"ஆவி. நாடா கறுத்திருக்குல்ல? பிரி."

"அத்தே, அந்தப் பொதுக் கட்டை நான்..."

"பிரின்னு சொன்னேன்."

முகத்தை மறைத்த துணிக்கு மேலே லூபேயின் கண்கள் மட்டும் தெரிந்தன. எதிரே மேசையில் அவள் தங்கை படுத்திருந்தாள். சுவரில், தவறு எதைக் கண்டாலும் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளே வைமோனாதான். அந்தத் தாளில் அத்தை என்கிற சொல் இல்லை. அதை எழுதிய வெள்ளைக்காரர்களுக்கு அப்படி ஒரு ஆள் இருப்பாள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

"சரிங்க அத்தே" என்று லூபே பிரித்தாள்.

உள்ளுறையை வைமோனா தானே விரித்தாள். கையுறையைத் தாண்டி விரல் நுனியில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. டாக்டர் கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் பிள்ளை அழுதது. பெண்.

வெள்ளிக்கிழமை மெலியானே எழுந்து உட்கார்ந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலைப் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை அத்தைக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, எச்சிலை அத்தைக்குக் கொடுக்கலாமா என்று தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேரு என்னாச்சு?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள் வைமோனா. அன்றைக்கு அவள் தையலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதற்குள் ஆவிதானே என்று தன்னிடமே சொல்லவும் பழகியிருந்தாள்.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. தையலைச் சுற்றித் தோல் சிவந்து, தொட்டால் கொதித்தது. சாயங்காலம் சீழ் கண்டது. டாக்டர் தையலைத் திறந்துவிட்டு, இருந்த மருந்துகளில் வலுவானதை ஏற்றினார். தலைநகருக்கு ஃபோன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்பதால் அந்த நாட்டில் விமானம் பறக்காது. தனி அனுமதியும் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை விடிந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். ஞாயிறு முழுக்க தேவாலயப் பாட்டுச் சத்தம் வார்டு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. மெலியானேக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. கை கால் ஜில்லிட்டது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அத்தே, குளிருது" என்றாள்.

விமானம் சொன்னபடி வந்தது. ஏற்றிக்கொண்டு போக மெலியானே இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஃபோலாவ் தன் அறையில் லூபேயைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தியேட்டர் படிவம் அவர் முன்னால் இருந்தது. கட்டு காய்ந்திருந்ததா என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டு, பிரித்தவள் என்ற இடத்தில் லூபே கையெழுத்துப் போட்டிருந்தாள். வைமோனா ஏதோ காகிதம் கேட்க வந்தவள் பாதி திறந்த கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு விடிகாலைல பண்ணின பொண்ணு நல்லா இருக்கா. அதே நான், அதே தியேட்டர். கட்டு மட்டும்தான் வேற. நேரா கேக்கறேன் லூபே, கட்டுல ஏதாவது பாத்தியா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் சரியா பாக்கல டாக்டர். அவசரம். பாக்காமலே டிக் போட்டுட்டேன்."

"உன் தங்கச்சி மேசைல இருக்கும்போது பாக்காம பிரிச்சியா?"

"ஆமாங்க டாக்டர்."

"இதை நான் எழுதித்தான் ஆகணும், தெரியுமில்ல? வேலையே போகும்."

"எழுதுங்க டாக்டர்."

வைமோனாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. தள்ளினால் திறந்துவிடும். அவள் தள்ளவில்லை. கையை எடுத்து, அங்கத்து வழக்கப்படி இடுப்பில் கட்டியிருந்த பாயைச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே நடந்தாள். முதுகு எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது.

புதன்கிழமை அடக்கம். சிதிவேனியின் வீட்டுக் கூடத்தில் பாய்க்கு மேல் பாய் விரித்து, மரப்பட்டைத் துணி போர்த்தி மெலியானேயைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. செத்தவளின் அப்பாவுடைய அக்கா உட்காரவேண்டிய இடம். அங்கே உட்காருபவளை ஃபஹூ என்பார்கள். சாவு வீட்டில் ராஜாவே வந்தாலும் அவளுக்கு அடுத்தபடிதான். நல்ல பாய், நல்ல துணி எது வந்தாலும் முதலில் அவள் காலடியில்தான் வைப்பார்கள். மற்ற சொந்தங்கள் உடம்பை மூடுகிற கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு வரும்போது, அவள் மட்டும் மெல்லிசான உயர்ந்த பாயைக் கட்டிக்கொண்டு வரலாம்.

வைமோனா அப்படித்தான் வந்தாள். அவள் அம்மாவின் பாய் அது. கூட்டம் குனிந்து வழிவிட்டது. அவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மெலியானேயின் முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பாய்கள் வந்தன. ஒருவர் பெயர் சொல்ல, இருவர் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தார்கள். மூன்று, நான்கு, ஏழு. அவள் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். இன்னும் பேர் வைக்காத பிள்ளை ஒரு கிழவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இருக்கவேண்டிய ஒரு முகம் மட்டும் இல்லை.

"லூபே எங்க?" என்று பக்கத்தில் இருந்த கலோவிடம் கேட்டாள். கலோ தூரத்து உறவு. எந்தச் சாவு வீட்டிலும் சமையல் கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே அலைபவள்.

"பின்னாடி அடுப்படில இருக்கா, பெரியவங்களே."

"கூடப்பிறந்தவ. உள்ள வரச் சொல்லு."

கலோ உதட்டைச் சுழித்தாள். "டாக்டர் எழுதினதைக் கேட்டுட்டு அவ அப்பாதான் வரக் கூடாதுன்னுட்டாரு. நர்சு வேலை செய்றேன்னு தங்கச்சியைக் கொன்னவ, பொணத்துப் பக்கம் வந்தா நானே இழுத்து வெளிய போடுவேன்னு சத்தம் போட்டாரு. முகத்தைக்கூட காட்டல பாவம், பானையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா. பெட்டி மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்னு கேட்டா. அதுக்கும் முடியாதுன்னுட்டாரு."

எட்டாவது பாயைக் கொண்டுவந்தார்கள். அகலமானது. ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. சிதிவேனியின் வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்தது அதுதான். தூக்கிவந்தவர்கள் அவள் முன்னால் மண்டியிட்டு அதை விரித்தார்கள்.

வைமோனா எழுந்தாள். ஃபஹூ நடுவில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. கூட்டம் பாடிக்கொண்டிருந்த பாட்டு அங்கங்கே நின்று, கடைசியில் முழுவதும் அடங்கிற்று.

"சிதிவேனியைக் கூப்பிடுங்க."

அவன் வாசலுக்கு வெளியே, நிலைப்படியைத் தாண்டாமல் வந்து உட்கார்ந்தான். தலை குனிந்திருந்தான்.

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கட்டு ஈரம்" என்றாள் அவள். தியேட்டரில் உத்தரவு போடுகிற அதே குரல்தான். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மேசைல வச்சேன். லூபே பாத்துட்டா. ரெண்டு தடவை சொல்ல வந்தா. ரெண்டு தடவையும் நான் வாயை அடைச்சேன். காஞ்ச கட்டு ஒண்ணு அலமாரில இருந்துச்சு. அதை எடுத்தா என் கட்டு ஈரம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுரும். அதனால எடுக்கல. உன் பொண்ணு என் பழியைத் தன் தலைல தூக்கிப் போட்டுக்கிட்டா. நேத்து அதை நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம போனேன். நாளைக்கு டாக்டர்கிட்ட எழுதிக் குடுப்பேன். இன்னிக்கு உன்கிட்ட சொல்றேன்."

அவள் காத்திருந்தாள். அவன் எழுந்து வருவான் என்று எதிர்பார்த்தாள். கத்துவான். வெளியே போ என்பான். சொந்த மகளிடம் சொன்னதைவிடக் கேவலமாகச் சொல்வான். சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். சொன்னால் அவளால் அங்கிருந்து நடந்து போக முடியும்.

சிதிவேனியின் தோள்கள் குலுங்கின. அவன் நெற்றி இன்னும் தாழ்ந்து நிலைப்படியில் பட்டது.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க. ஆண்டவரு கூப்பிட்டுக்கிட்டாரு."

"ஆண்டவர் மேல போடாத. நான் பண்ணினது."

"உக்காருங்கக்கா. உங்க இடத்துல உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"திட்டு, சிதிவேனி."

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. பின்னால் இருந்த கிழவர் ஒருவர் தழுதழுத்த குரலில் பாட்டை மறுபடி எடுத்தார். மற்றவர்கள் அவசர அவசரமாகச் சேர்ந்துகொண்டார்கள். மண்டியிட்டிருந்த இருவரும் இறகுப் பாயை அவள் கால் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான். லூபேதான் கொன்றவள் என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட வைமோனாவைப் பார்த்துத் திறக்கவில்லை. திறக்கவும் திறக்காது. அது அவளுக்கு அப்போதுதான் முழுவதும் புரிந்தது.

அவள் அம்மாவின் பாயை அவிழ்த்து, மடித்து, மெலியானேயின் கால்மாட்டில் வைத்தாள். கதவோரம் குவிந்து கிடந்த பழம்பாய்களில் ஒன்றை உருவினாள். ஓரமெல்லாம் நார்நாராகப் பிரிந்து கிடந்தது. அதை மார்பு வரைக்கும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

அடுப்படியில் இருந்த பெண்கள் அவளைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்து, எழுந்தது தவறென்று மறுபடி உட்கார்ந்தார்கள். "ஐயோ, இங்கெல்லாம் நீங்க வரக் கூடாது, புகை" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி உட்கார இடம் துடைக்கத் துணி தேடினாள். வைமோனா வெறும் மண்ணில் உட்கார்ந்தாள், லூபேக்கு எதிரே. ஒவ்வொருத்தியாக ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் நகர்ந்துபோனார்கள்.

லூபேயின் கை முழங்கை வரைக்கும் கரி. பானையைத் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்" என்றாள் வைமோனா. "போய் உன் தங்கச்சியைப் பாரு. யாரும் தடுக்கமாட்டாங்க."

"கேட்டுச்சுங்க அத்தே."

"எவனும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. நீ சொல்லு. நீதான் சொல்லணும். என்ன வேணும்னாலும் சொல்லு."

லூபேயின் கை நின்றது.

"நீங்க சொல்லிட்டீங்க அத்தே" என்றாள். "இனிமே எல்லாரும் என்மேல தப்பில்லம்பாங்க. ஆனா நான் பாத்தேன்ல? ஈரத்தை என் கண்ணால பாத்தேன். டாக்டர் பக்கத்துலதான் கை கழுவிக்கிட்டு இருந்தாரு. டாக்டர்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போதும். உங்களை மறுத்துப் பேசக் கூடாதுன்னு நின்னேன். மேசைல என் தங்கச்சி. எனக்கு அத்தை பெருசா இருந்தாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "உங்களைத் திட்டச் சொல்றீங்க. என்னை யாரு திட்டுவா?"

வைமோனா வாயைத் திறந்தாள். தன் வாழ்நாளில் தம்பி பிள்ளை ஒன்றிடம் சொல்ல வார்த்தை தேடி அவள் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. கையை நீட்டி லூபேயின் கரி படிந்த கையைப் பிடித்தாள். லூபே விலக்கவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

பெட்டி மூடும் நேரம் ஆகிவிட்டிருந்தது. கலோ ஓட்டமும் நடையுமாகப் பின்வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, அவர்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கண்டு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியவங்களே, போதகர் வந்துட்டாரு. பாயெல்லாம் அப்படியே கிடக்கு. ஃபஹூ இல்லாம மூட முடியாதுன்னு எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. வாங்க."

வைமோனா அசையவில்லை. லூபேதான் எழுந்தாள். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, அத்தையைத் திரும்பிப் பார்க்காமல், அத்தையிடம் கேட்காமல் சொன்னாள்.

"அத்தை வரமாட்டாங்க. மூடச் சொல்லுங்க. நான் வரேன்."

கலோ பதறிப்போய் வைமோனாவின் முகத்தைப் பார்த்தாள். வைமோனா தலையைக் குனிந்துகொண்டாள். லூபே புகையைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, தங்கையைப் பார்க்க உள்ளே போனாள்.